தாடைக்குள் ஒரு பற்குவியல்

மாந்தர்க்குப் பாற்பற்கள் 20. அவை விழுந்தபின் நிலைப்பற்கள் 32. இது தொடக்கப் பள்ளிப் பாடம். ஆயின், 2019ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் 7 வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடையினின்று 526 பற்கள் எடுக்கப்பெற்றன.

இத்துணைப் பற்கள் எங்ஙனம் தோன்றின? பல் வெளிவருமுன் தாடை எலும்பினுள் பல்லரும்பு உருவாகின்றது. அதன் திசுக்கள் நெறி பிறழ்ந்து பெருகுமாயின் கட்டியொன்று தோன்றும். மருத்துவர் இதனை ‘ஒடோன்டோமா’ என்பர். தமிழில் பற்கட்டி எனலாம். இஃது இருவகைப்படும். ஓர் உறைக்குள் சிறு சிறு பற்களாகவே திரள்வது ஒன்று; பல்லின் வடிவமின்றிக் குழம்பிய திரளாய் நிற்பது மற்றொன்று. சென்னைச் சிறுவனுக்கு வந்தது முன்னது. பற்கட்டி புற்றுநோயன்று, பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. சிறு பற்கட்டிகள் ஆங்காங்கே காணப்படுவனவே. இத்துணைப் பெரியது மிக அரிது. 2014இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞனிடமிருந்து 232 பற்கள் எடுக்கப்பெற்றமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இதற்கு மருந்தால் தீர்வில்லை, அறுவையே வழி. சென்னை மருத்துவர்கள் சிறுவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, தாடையை மேற்புறமாகத் துளைத்து, உறையை முழுமையாக வெளியே எடுத்தனர். பக்கவாட்டில் எலும்பை உடையாமையால், தாடையை மீண்டும் கட்டியமைக்கும் தேவை எழவில்லை. உறையின் எடை ஏறத்தாழ 200 கிராம். அதனைப் பிரித்துப் பற்களை எண்ணுதற்கே பல மணி நேரமாயிற்று. முழுமையாக அகற்றப்பட்ட பற்கட்டி மீண்டும் வளர்வது அரிது.

அச்சிறுவனின் வீக்கம் 3 வயதிலேயே கண்ணிற் பட்டதாம். பிள்ளையின் கன்னம் வீங்கினால், ‘பொன்னுக்கு வீங்கி’ எனக் கருதிப் பற்றுப் போடுவது நம் தோட்டப்புற வழக்கம். பொன்னுக்கு வீங்கி காய்ச்சலும் வலியுமாய் வந்து, பத்து நாளில் வடிந்துவிடும். பற்கட்டியோ பெரும்பாலும் வலியின்றி, மெல்ல வளரும், நிலைப்பற்களின் வழியை அடைக்கும், எலும்பையும் மெலிவிக்கும். ஆதலின் வடியாத வீக்கமும், பாற்பல் விழுந்து நெடுநாளாகியும் பல் முளையாத இடமும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கத்தக்கன. நாள்தோறும் பிள்ளைகளின் முகம் நோக்கிப் பாடம் சொல்லும் ஆசிரியர், பெற்றோர்க்கு இதனை உரிய காலத்தில் உணர்த்துவாராயின், சிறு அறுவையோடு முடியவேண்டியது பேரறுவையாய் முற்றாது.