தீவகத்து நாற்சார் வீடுகளும் அவற்றைப் பேணும் முறையும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம், பன்னிரண்டாம் நூற்றாண்டில் அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையொன்றைக் கூறுகின்றது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படல் வேண்டும். யானை குதிரை ஏற்றிவந்த கலம் உடையின் நாலிலொரு பங்கு அரசுக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியன. பிற சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி என்பது அதன் சாரம். கல்லிற் பொறிக்கப்பட்டமையால் அவ்வாணை இன்றும் எஞ்சியுள்ளது. ஆனால், அத்துறையை அண்டி வாழ்ந்தோரின் மனைகள் அத்தகையன அல்ல. மரமும் சுண்ணாம்பும் ஓலையும் ஓடும் கொண்டு எழுந்த அவை, ஒரு தலைமுறை பேணத் தவறின் மறுதலைமுறைக்கு இல்லாதொழிவன.

கோட்டைகளின் நிலை வேறு. ஊர்காவற்றுறைக் கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையையும் நெடுந்தீவுக் கோட்டையையும் வரலாற்றுச் சின்னங்கள் என யாவரும் அறிவர். குடிமக்களின் வீடுகளோ அவ்வாறு எண்ணப்படுவதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் தேதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுத்தது. பிற்பட்ட கட்டடமொன்றைக் காக்க வேண்டின் அதனைத் தனியே பிரகடனஞ் செய்தல் வேண்டும். ஆதலின், இவ்வீடுகளைக் காக்கும் பொறுப்பு முதற்கண் உடையவர்களையே சார்கின்றது.

நாற்சார் வீடு என்பது நடுமுற்றத்தைச் சூழ நான்கு தாழ்வாரங்களும் அவற்றை அடுத்து அறைகளும் அமைந்த மனையாகும். வெயிலும் காற்றும் மழைநீரும் முற்றத்தின் வழியே வீட்டினுட் புகும்; வெப்பம் அவ்வழியே மேலெழுந்து நீங்கும். வாயிலில் வழிப்போக்கர் இளைப்பாறும் சங்கடப்படலை, அதன்பின் தலைவாசல், திண்ணை, விறாந்தை என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஒழுங்கு, அந்நியரை எவ்விடத்தில் இருத்துவது, உறவினரை எவ்விடம்வரை அழைப்பது என்னும் சமூக வழக்கையும் காட்டுவது. அவ்வழக்கிற் சாதி வேற்றுமையும் அடங்கியிருந்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. முருகைக்கற் சுவர், சுண்ணச்சாந்து, வைரம் ஏறிய பனைமரத்து வளைகள் என்பன தீவகத்து மண்ணும் கடலும் அளித்த பொருள்களே.

வீட்டினுள் இருக்கும் பொருள்களும் வீட்டின் வரலாற்றுக்குச் சான்றாவன. சில்லுப் பூட்டிய பெட்டகம், சாய்மனைக் கதிரை, மூக்குப்பேணி, குத்துவிளக்கு, பாக்குவெட்டி, ஏட்டுச்சுவடி, காணி உறுதி ஆகியன இருந்த இடத்தில் இருக்கும்போதே தம் பொருளை முற்றக் கூறும். பெட்டகத்தைக் கொழும்பிலே ஒரு வரவேற்பறையில் வைத்தால் அது வெறும் அழகுப்பொருள். அதன் வீட்டில் இருந்தாலோ, எவருடைய சீதனம், எதனைக் காத்தது என்பவற்றுக்குச் சாட்சி.

இவ்வீடுகள் அழிதற்குக் காரணங்கள் பல. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போரினால் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். பலர் கடல்கடந்தும் சென்றனர். ஆளில்லாத வீட்டிற் கூரையோடு ஒன்று விலகினும் அதனைச் சீர்செய்வாரிலர். மழைநீர் வளையை நனைக்கக் கறையான் ஏறும். வளை முறியச் சுவர் சரியும். இதனோடு உரிமைச் சிக்கலும் சேர்கின்றது. ஒரே வீடு பல நாடுகளில் வாழும் பங்காளிகள் பலருக்குப் பிரிபடாச் சொத்தாக இருப்பின், திருத்தவும் விற்கவும் அனைவரின் இசைவு வேண்டப்படும். ஒருவர் தம் பங்கை விற்க முனையின் ஏனைய பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை தேசவழமையில் உண்டு. 1947ஆம் ஆண்டின் சட்டமொன்றும் இதனை ஒழுங்குபடுத்திற்று. அவ்வுரிமையைப் பயன்படுத்தி ஒருவர் கையில் வீட்டைச் சேர்ப்பது, அதனைக் காக்கும் வழிகளுள் ஒன்றாகும்.

பேணும் முறையில் முதலிடம் கூரைக்கும் பீலிக்கும் உரியது. அடுத்தது சுவர். கடலோரச் சுவர்களில் உப்புநீர் ஊறி மேலேறும். சுண்ணச்சாந்து ஈரத்தை வெளிவிடும். உப்பு அப்பூச்சிலேயே பூத்து உதிரும். பூச்சைப் புதுப்பித்தல் எளிது. சீமெந்து பூசினாலோ ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் படிகங்கள் கல்லையே உடைக்கும். நன்மை செய்வதாக எண்ணிச் சீமெந்து பூசுவோர் சுவரின் ஆயுளையே குறைக்கின்றனர்.

பித்தளைப் பாத்திரங்களை ஓயாது புளியிட்டுத் தேய்த்தலால், அவற்றில் வெட்டப்பட்ட பெயரெழுத்துகள் தேய்ந்து மறையும். ஏடுகளைப் பிளாத்திக்கு உறையில் இட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியிற் பொதிந்து, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைத்தலே தக்கது. எல்லாவற்றினும் முதன்மையானது பதிவு. ஒல்லாந்தர் காணிகளுக்குத் தோம்பு எழுதியவாறு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தோம்பு எழுதப்படல் வேண்டும். பொருளின் பெயர், அளவு, இருந்த இடம், வந்த வழி, நிழற்படம் ஆகியன அதில் இடம்பெறின், பொருள் களவு போயினும் தேடுதற்கு ஆதாரம் இருக்கும். வீட்டின் முதியவர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும். அவருக்குப்பின் மூக்குப்பேணி இருக்கும், அதன் கதை இராது.

பிற இடங்களின் அனுபவம் பயன்தருவது. இங்கிலாந்தில் 1895இல் தோன்றிய தேசிய நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம், 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் நாட்டுப்புற மாளிகைகளைத் தளபாடங்களோடு ஏற்றது. கொடுத்த குடும்பத்தார் அங்கேயே வாழவும் இடமளித்தது. இலங்கையிற் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா பெந்தோட்டைக்கு அண்மையில் அமைத்த லுனுகங்கை மனை, அவர் 2003இல் மறைந்தபின் நம்பிக்கைப் பொறுப்பொன்றினாற் பேணப்பட்டுப் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டுள்ளது. இதற்கு மாறாகச் செட்டிநாட்டிற் பல மாளிகைகள் கழற்றப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலைப்பட்டன. எஞ்சியவற்றுட் சில விடுதிகளாகி உயிர்பிழைத்தன.

தீவகத்து வீடுகள் எல்லாவற்றையும் காத்தல் இயலாது. எனினும், ஊருக்கு ஒரு வீட்டையேனும் அதன் பொருள்களோடு நிறுத்துதல் இயலும். வெளிநாட்டுப் பங்காளிகளின் இசைவும், உள்ளூர்ச் சனசமூக நிலையத்தின் கண்காணிப்பும், மாணவர் எழுதும் தோம்பும் ஒன்றுகூடின் அது கைகூடும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தபோதும் உடையவனுக்கு முக்காற்பங்கு மீட்டளிக்கச் சட்டம் வகுத்த துறை ஊராத்துறை. இன்று உடைகின்ற வீடுகளிலிருந்து எவ்வளவு மீட்கப்படும் என்பது, அவ்வீடுகளுக்கு உரியோர் விரைந்து செயற்படுவதையே பொறுத்தது.