கைக்குழந்தைக்கும் பவுத்திரம் வரும்! ஆபரேஷனுக்குப் பிறகு மீண்டும் கட்டி வருவது ஏன்?

பவுத்திரம் என்றால் பெரியவர்களுக்கு வரும் நோய் என்றே பலரும் நினைக்கிறார்கள். பிறந்து ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைக்கும் அது வரும். ஒரு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளுக்கே மிகுதியாக வருகிறது.

முதலில் ஆசனவாயின் ஓரத்தில் சிவந்த கட்டி தோன்றும். "சூட்டுக் கட்டி" என்று விட்டுவிடுவார்கள். அது பழுத்து உடைந்து ஆறும். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி வீங்கும். தாய் மாம்பழம் தின்றதால் வந்தது என்று மாமியார் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

எலிவளை போல...

ஆசனவாயின் உள்ளே சிறு சிறு குழிகள் உண்டு. அதில் ஒன்றில் கிருமி புகுந்து சீழ் பிடித்தால், சீழ் வெளித் தோல் வரை வழி செய்துகொள்ளும். எலிவளைக்கு இரண்டு வாய் இருப்பதுபோல, உள்ளே ஒரு துவாரம், வெளியே ஒரு துவாரம். இதுதான் பவுத்திரம். டாக்டர் சீட்டில் "பிஸ்டுலா" என்று இருக்கும். கன்னடத்தில் "பகந்தர" என்பார்கள்.

திரும்ப வருவது ஏன்?

கட்டியைக் கீறினால் சீழ்தான் போகும். வழி அப்படியே இருக்கும். வழியைத் திறந்தாலும் உள்துவாரம் தப்பிவிட்டால் மீண்டும் சீழ் கட்டும். பக்கத்துக் குழியில் புதிதாகவும் தொடங்கலாம்.

பிரான்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686-ல் பவுத்திர ஆபரேஷன் நடந்தது. அவருக்கும் ஒரே தடவையில் முடியவில்லை. சில வாரங்களுக்குள் மறுபடியும் கத்தி வைக்க வேண்டி வந்தது.

ஜீவனஹள்ளியிலிருந்து லீவு போட்டு, சம்பளம் இழந்து ஆஸ்பத்திரிக்கு அலைகிறவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால், திரும்பி வந்ததாலேயே டாக்டர் மேல் தவறு என்று சொல்லிவிட முடியாது.

காத்திருப்பதும் வைத்தியமே

குழந்தைகளுக்கு ஒரு நல்ல சேதி உண்டு. காய்ச்சல் இல்லாமல், பால் குடித்து, எடை ஏறிவரும் குழந்தைக்குப் பவுத்திரம் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். ஒன்று, இரண்டு வயதுக்குள் பலருக்கும் குணமாகிவிடும். ஆகவே "பொறுத்துப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். மலம் கழித்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். ஈரத் துணியை உடனே மாற்றுங்கள். கட்டியைப் பிதுக்க வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்?

காய்ச்சல் வந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், சிவப்பு பரவினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண் குழந்தைக்கு வந்தாலும், பல இடங்களில் துவாரம் விழுந்தாலும், எடை ஏறாவிட்டாலும் தீர விசாரிக்க வேண்டும். பிறவிக் கோளாறு, காசநோய், குடல் நோய், நோய் எதிர்ப்புச் சக்திக் குறைவு ஆகியவை மறைந்திருக்கலாம்.

சுவர் விளம்பரத்தைப் பார்த்து, "ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில் குணம்" என்பவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். சிவாஜிநகரில் பவுரிங் ஆஸ்பத்திரியும், நிம்ஹான்ஸ் அருகே இந்திரா காந்தி குழந்தைகள் நல நிலையமும் உள்ளன. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் இந்திராநகர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பழைய ஆபரேஷன் சீட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள். எந்த வழியைத் திறந்தார்கள் என்பது அடுத்த டாக்டருக்குத் தெரிந்தால், பாதி வேலை முடிந்தது.