குழாய் உப்புக்கறைக்கு வினிகர் ஓகே... பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால்?

போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடா? குழாய் முனையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்திருக்கும். ஷவரில் பாதி ஓட்டை அடைத்திருக்கும். கெட்டிலின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு படலம். சோப்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அசையாது. ‘வினிகர் ஊத்துங்க, போயிடும்’ என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், போய்விடும். ஆனால் அதே வினிகரை ‘எல்லாத்துக்கும் யூஸ் பண்ணலாம்’ என்று வீடு முழுக்க ஊற்றும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் ஏறத்தாழ 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். பழச்சாறு, கரும்புச்சாறு, கள் போன்றவை புளித்து, அதிலுள்ள ஆல்கஹாலை பாக்டீரியாக்கள் அமிலமாக மாற்றினால் அது இயற்கை வினிகர். தமிழில் இதற்குப் பழைய பெயர் ‘காடி’. இலங்கைத் தமிழர்கள் ‘வினாகிரி’ என்பார்கள்; அங்கே தென்னங்கள்ளில் தயாராவது பிரபலம். நம்ம ஊர் மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் செயற்கை; அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. லேபிளில் ‘சிந்தெடிக்’ என்று போட்டிருக்கும். கறை எடுக்க இதுவே போதும். ஆப்பிள் சைடர் வினிகரை வாங்கி குழாயில் ஊற்றுவது காசைக் கரைக்கும் வேலை.

குழாயில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டதும் அது கரைந்து, கார்பன் டை ஆக்சைடு குமிழ்களாக வெளியேறும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தெளித்து உடனே துடைத்தால் பலன் இல்லை. சின்ன பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் முனை மூழ்கும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி சில மணி நேரம் விட்டால், பழைய பிரஷ்ஷால் தேய்க்கும்போதே உதிர்ந்துவிடும். கெட்டிலுக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றி, கொதிக்கவைத்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கொட்டலாம். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை கொதிக்கவைத்து ஊற்றினால் வாடையும் போய்விடும்.

மீன் வாடைக்கும் இது கேட்கும். அந்த வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை கொண்டவை. அமிலம் சேர்ந்தால் அவை காற்றில் பரவாத உப்பாக மாறிவிடும். பித்தளை விளக்கு? அதுக்கு வீட்டில் புளி இருக்கே, வினிகர் எதற்கு!

கடப்பா கல்லில் ஊற்றாதீர்கள்

குழாய்க் கறையைக் கரைக்கும் அதே வேதிவினை கல்லையும் கரைக்கும். மார்பிள் கால்சியம் கார்பனேட்தான். சமையலறை மேடைக்கும் அலமாரிக்கும் போடும் கடப்பா கல்லும் ஒருவகைச் சுண்ணாம்புக்கல்தான். பழைய வீடுகளின் மொசைக் தரையில் மார்பிள் சில்லுகளும் சிமென்ட்டும் இருக்கின்றன. இவற்றில் வினிகர் பட்டால் பளபளப்பு போய், மங்கலான தழும்பு விழும். துடைத்தால் வராது, பாலிஷ் போட்டால்தான் உண்டு. முத்து நகைக்கும் இதே கதி.

சமூக வலைதளங்களில் ஹிட் அடிக்கும் இன்னொரு டிப்ஸ், சோடா உப்புடன் வினிகர். பொங்கி வழியுறதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் ஓடுகிற மாதிரி இருக்கும். ஆனால் ஒன்று அமிலம், மற்றொன்று காரம். சேர்ந்ததும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும். பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் லேசான உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்லா வேலை செய்யும்.

கிருமிநாசினியாகவும் வினிகரை நம்ப வேண்டாம். சில பாக்டீரியாக்களை அது கட்டுப்படுத்தும், எல்லாவற்றையும் கொல்லாது.

பிளீச்சிங்குடன் சேர்ந்தால்..?

இதை மட்டும் செய்யவே கூடாது. பாத்ரூம் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருப்பார்கள். அல்லது துணி வெளுக்கும் பிளீச் திரவத்தை ஊற்றியிருப்பார்கள். ‘இன்னும் கொஞ்சம் பளிச்சுனு ஆகட்டுமே’ என்று அதன் மேலேயே வினிகரை ஊற்றுவார்கள். பிளீச்சில் இருக்கும் ஹைபோகுளோரைட்டுடன் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். 1915-ல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். வீட்டில் உருவாகும் அளவு குறைவு. ஆனால் அபார்ட்மென்ட் பாத்ரூமில் ஜன்னல் என்பதே ஒரு சின்ன வென்டிலேட்டர்தானே.

குளோரின் காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தரையை ஒட்டித் தேங்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்ப்பவரின் முகத்துக்குத்தான் முதலில் வரும். பல வீடுகளில் அது வேலைக்கு வரும் அக்காவாக இருக்கும். எதை ஏற்கெனவே ஊற்றியிருக்கிறோம் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வினிகர் மட்டுமல்ல, ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள டாய்லெட் கிளீனரும் பிளீச்சுடன் சேர்ந்தால் இதே வாயுதான் வரும்.

தெரியாமல் கலந்துவிட்டால்? கண் எரிச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம் தெரிந்தவுடன், கழுவிவிட்டுப் போகலாம் என்று உள்ளேயே நிற்காமல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கண் எரிந்தால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். மூச்சுத்திணறல் இருந்தால் 108-க்கு அழைக்கலாம். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். எனவே, இருமல் நிற்கவில்லை என்றால் ‘கொஞ்ச நேரத்துல சரியாயிடும்’ என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எதையெல்லாம் கலந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.