தாளில்லாப் புத்தகத்துக்கு என்ன விலை?

தாள் இல்லை, மை இல்லை, லாரி வாடகை இல்லை. பிறகு மின்னூலுக்கு ஏன் இவ்வளவு விலை? வாசகர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால், அச்சுச் செலவு நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல. 2010-ல் நியூயார்க் டைம்ஸ் போட்ட கணக்கின்படி, 26 டாலர் கெட்டி அட்டைப் புத்தகத்தை அச்சிட்டு, கிடங்கில் வைத்து, கடைக்கு அனுப்ப ஆன செலவு சுமார் 3.25 டாலர். கடைக்காரருக்குக் கழிவு மட்டும் 13 டாலர்.

அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்களின் புதுப் புத்தகம் பெரும்பாலும் கெட்டி அட்டையில்தான் முதலில் வரும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, விலை குறைந்த பேப்பர்பேக். சுடச்சுடப் படிக்க நினைப்பவர் தரும் கூடுதல் பணம்தான் பதிப்பகத்தின் முதுகெலும்பு.

2007 நவம்பரில் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலைக் கொண்டுவந்த அமேசான், அந்த முதுகெலும்பில் கைவைத்தது. பதிப்பகத்துக்கு 13 டாலர் வரை கொடுத்து வாங்கிய மின்னூலை 9.99 டாலருக்கு, நஷ்டத்தில் விற்றது. பதிப்பகங்களுக்கு வரவு குறையவில்லை. ஆனாலும் பயந்தன. பத்து டாலருக்குப் பழகியவர் இனி 26 டாலர் தருவாரா?

2010-ல் ஐபேட் வந்தபோது ஐந்து பெரிய பதிப்பகங்கள் ஆப்பிளுடன் கைகோத்தன. விலையைப் பதிப்பகமே வைக்கும்; கடைக்கு 30 சதவீதம் கமிஷன். விலை 12.99, 14.99 டாலர் என ஏறியது. கணக்கைப் பாருங்கள்: 12.99-ல் பதிப்பகத்துக்குக் கிடைப்பது 9.09 டாலர். பிரதிக்கு ஏறக்குறைய 4 டாலரை இழந்துதான் விலையை உயர்த்தினார்கள், கெட்டி அட்டையைக் காப்பாற்றுவதற்காக! எழுத்தாளருக்கும் அடி. கெட்டி அட்டைக்கு 15 சதவீத ராயல்டி என்றால் 3.90 டாலர், மின்னூலில் நிகர வரவில் 25 சதவீதம், 2.27 டாலர்.

2012-ல் அமெரிக்க நீதித்துறை கூட்டுச் சதி என்று வழக்குத் தொடுத்தது. பதிப்பகங்கள் சமரசம் செய்துகொண்டன. எதிர்த்து நின்ற ஆப்பிள் தோற்று, 45 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. இருந்தும், அடுத்த சில ஆண்டுகளில் விலை வைக்கும் உரிமை புது ஒப்பந்தங்கள் வழியாகப் பதிப்பகங்களுக்கே திரும்பிவிட்டது.

முதல் ஆண்டின் கூடுதல் விலையை நான் ஏற்கிறேன். எழுத்தாளரும் எடிட்டரும் பிழைக்க வேண்டும். பேப்பர்பேக் வந்த பிறகும் மின்னூல் அதே விலையில், சில சமயம் அதைவிடக் கூடுதலாக நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பேப்பர்பேக்கை நண்பருக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். மின்னூலில் நமக்குக் கிடைப்பது படிக்கும் அனுமதி மட்டுமே. 2009-ல், உரிமம் இல்லாமல் விற்கப்பட்டது என்று சொல்லி, வாசகர்களின் கிண்டில்களிலிருந்தே ஆர்வெலின் '1984' பிரதிகளை அமேசான் அழித்தது. பணம் திரும்பியது, புத்தகம் போனது.

பேப்பர்பேக் கடைக்கு வரும் அன்றே, மின்னூலின் விலை அதற்குக் கீழே இறங்க வேண்டும்.