கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? முன்பணம் கட்டும் முன் யோசியுங்கள்

லாரிக்கு நாமக்கல்லும் சங்ககிரியும், போர்வெல் வண்டிக்குத் திருச்செங்கோடும் பேர் போனவை. கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லாத பகுதி இது. இங்கேயும் இப்போது கார் வாங்கப் போனால், ‘ஆட்டோமேட்டிக் எடுத்துக்கங்க, இனிமே கியர் வண்டியே வராது’ என்ற பேச்சு காதில் விழுகிறது. இது எந்த அளவுக்கு உண்மை?

அமெரிக்காவில் இது நடந்தே விட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-ல் ஆட்டோமேட்டிக் கியரைப் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அங்கு விற்கும் புதிய கார்களில் நூற்றுக்கு இரண்டுகூட கியர் வண்டி இல்லை. நம் நாட்டில் 2014-ல் மாருதி செலேரியோ, விலை குறைந்த ஏ.எம்.டி. முறையைக் கொண்டுவந்த பிறகுதான் சிறிய கார்களில் ஆட்டோமேட்டிக் பரவியது.

ஆனாலும் சிறிய கார்களில் விலை குறைந்த மாடல் கியர் வண்டியாகவே வருகிறது. விளைபொருள் ஏற்றும் சிறிய சரக்கு வண்டிகளிலும் அப்படித்தான். 2005-ல் வந்த டாடா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவை கியர் போட்டு ஓட்டும் வண்டிகளாகவே விவசாயிகளிடம் வந்து சேர்ந்தன. பெரிய கார்களில்தான் நிலைமை மாறுகிறது. 2022-ல் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸில் கியர் வண்டியே கிடையாது. 2023-ல் மீண்டும் வந்த இன்னோவா கிரிஸ்டா டீசலோ கியர் வண்டியாக மட்டுமே வந்தது. மின்சார வண்டிகளில் கிளட்சும் இல்லை, மாற்ற வேண்டிய கியரும் இல்லை.

ஏ.எம்.டி. என்றால் என்ன?

இதன் உள்ளே இருப்பதும் அதே கியர் பெட்டி, அதே கிளட்ச் தட்டுதான். காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. கியர் வண்டியைவிட விலை சுமார் அரை லட்சம் ரூபாய் கூடும். மைலேஜ் பெரிதாகக் குறையாது. ஆனால், கிளட்ச் தட்டு இதிலும் தேயும். மேட்டில் வண்டி நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைப் பிடித்து வைத்தால் தட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும். பிரேக்கில்தான் நிறுத்த வேண்டும். கருவியில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கும் பட்டறை தேவைப்படும். ஊர் மெக்கானிக்கால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. எனவே, அந்தப் பட்டறை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மலை இறங்கும்போது

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்காட்டில் 20. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியர் வண்டியில் இரண்டாவது அல்லது முதல் கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஏ.எம்.டி.யிலும் கியரை நாமே தேர்ந்தெடுக்கும் ‘எம்’ நிலை இருக்கும். ‘டி’யிலேயே விட்டுவிடாமல் ‘எம்’முக்கு மாற்றிச் சிறிய கியரில் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவது எந்த வண்டியிலும் உயிருக்கு ஆபத்து.

டிராக்டரில்

ஜெர்மனியின் ஃபென்ட் நிறுவனம் படிகளில்லாத கியர் கொண்ட டிராக்டரை 1995-லேயே காட்டிவிட்டது. நம் வயல்களில் முன்னே 8, பின்னே 2 கியர் கொண்டவையே அதிகம். ரோட்டவேட்டர் ஓட்டுபவர்கள் இரட்டைக் கிளட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. பெடலைப் பாதி மிதித்தால் டிராக்டர் மட்டும் நிற்கும், பி.டி.ஓ. சுழன்றுகொண்டே இருக்கும். முழுதாக மிதித்தால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். வேலை நேரத்தில் பெடல் மேலேயே காலை வைத்திருக்கும் பழக்கத்தை விட்டால் தட்டு நீண்ட நாள் உழைக்கும்.

பழைய வண்டி வாங்கினால்

கியர் வண்டியைச் சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்தால் தட்டு நன்றாக இருக்கிறது. அணையாமல் ஓடிக்கொண்டிருந்தால் தட்டு வழுக்குகிறது. அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஏ.எம்.டி. வண்டி என்றால் மேட்டில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பெரிதாகக் குலுக்கினாலோ, கியர் விழத் தாமதமானாலோ மெக்கானிக்கிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

யாருக்கு எது?

மூட்டுவலி உள்ளவர்கள், புதிதாக ஓட்டக் கற்கும் வீட்டுப் பெண்கள், சேலம் நகர நெரிசலில் தினமும் போய்வருபவர்களுக்கு ஆட்டோமேட்டிக் உண்மையிலேயே உதவும். அதற்குத் தரும் கூடுதல் பணம் வீணல்ல. சுமை ஏற்றுபவர்கள், மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்கள், பட்டறைக்குத் தொலைவில் இருப்பவர்களுக்குக் கியர் வண்டியே லாபம். இன்னும் பல ஆண்டுகளுக்கு அது சந்தையில் இருக்கும். ‘இனிமே வராது’ என்ற பேச்சுக்குப் பயந்து கடன் தொகையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.