கற்பனைக் காற்பந்தும் வாரக் கடைசிக் கேள்விகளும்

மைசூரில் தொழிற்சாலைகளிலும் கணிப்பொறி நிலையங்களிலும் பணிபுரியும் நம் தமிழ் இளைஞர் சிலர், வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால் ஒரே கவலையில் ஆழ்கின்றனர். முழங்கால் நோவு கண்ட ஆட்டக்காரர் மறுநாள் களம் இறங்குவாரா என்பதே அக்கவலை. ஆட்டமோ இங்கிலாந்தில்; கவலையோ சாமுண்டி மலையடிவாரத்தில்! இவ்விந்தைக்குக் காரணமான கற்பனைக் காற்பந்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடத்தும் விளையாட்டில், 10 கோடிப் பவுன் என்ற கற்பனைத் தொகைக்குள் 15 ஆட்டக்காரர்களை நாம் பொறுக்க வேண்டும். ஒரே கழகத்திலிருந்து மூவருக்கு மேல் கூடாது. அவர்களுள் 11 பேரைக் களத்திலும் நால்வரைக் காத்திருப்பிலும் வைக்கிறோம். மெய்யான ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளிகள் சேரும். 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளி. அதற்குக் குறைந்தால் 1. முன்வரிசையார் கோல் அடித்தால் 4, நடுவரிசையார் அடித்தால் 5. நாம் தலைவராகக் குறித்தவருக்கு இருமடங்கு.

ஓர் உதாரணம் காண்போம். 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் முன்வரிசை வீரர் சாரங்கபாணி ராமன். மாற்றாள் இறக்கும் வழக்கம் அந்நாளில் இல்லையாதலால் முழு நேரமும் ஆடியமைக்கு 2, கோலுக்கு 4, ஆக 6 புள்ளிகளை இக்கணக்கு அவருக்கு அளித்திருக்கும்!

இனி, கேள்விகளுக்கு வருவோம். முதலாவது, அவர் ஆடுவாரா? வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பே நம் தேர்வு முடிந்துவிட வேண்டும். கழகங்களின் ஆடும் பட்டியலோ அதற்குப் பின்னரே வெளியாகும். ஆகவே ஐயத்துடனேயே முடிவு செய்வது இவ்விளையாட்டின் இயல்பு.

இரண்டாவது, எவ்வளவு நேரம் ஆடுவார்? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. ஒருவர் அறவே ஆடாவிடில், காத்திருப்பவர் தாமாகவே அவரிடத்துக்கு வருவார். கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இறங்கினாலோ, ஒரு புள்ளியோடு அவ்விடம் அடைபட்டுவிடும். ஆதலின், நோயிலிருந்து மீண்டு வருபவரைவிட நலமுள்ள எளிய ஆட்டக்காரரே பல வேளைகளில் மேல்.

மூன்றாவது, தலைவர் யார்? ஐயத்துக்கு இடமானவரைத் தலைவராக்கினால், உபதலைவரையேனும் உறுதியானவராகக் குறித்தல் வேண்டும்.

இவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு: பணையம் வைக்கலாமா? மேற்கூறிய விளையாட்டுக்குக் கட்டணம் இல்லை. பணம் கட்டி ஆடும் போட்டிகளோ வேறு. கர்நாடகம் 2021-இல் இவற்றைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அதன் முக்கியப் பிரிவுகளை உயர்நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பின்னர் பாராளுமன்றம் இயற்றிய சட்டம் 2025 ஆகஸ்டு 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும், பணம் கட்டும் இணைய ஆட்டத்தை அது தடுக்கிறது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவர்க்குத் தண்டனை இல்லை. எனினும் இழந்த பணத்தை யார் மீட்டுத் தருவார்?

ஆட்டக்காரரின் முழங்கால் நம் வசத்தில் இல்லை. ஊரில் பெற்றோர் எதிர்பார்த்திருக்கும் சம்பளப் பணமோ நம் கையில் இருக்கிறது. புள்ளிகளுக்காக ஆடுவோம், பொருளை வைத்து ஆட வேண்டாம்.