கடைகள் மூடியிருக்கும் ஞாயிறுகளில் பெர்லின்

பெர்லினுக்கு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் கிளம்புவோருக்கு, ஏற்கெனவே போய்வந்த மூத்த மாணவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு: “சனிக்கிழமை இரவுக்குள் அரிசியும் முட்டையும் வாங்கி வைத்துவிடு.” ஞாயிற்றுக்கிழமை அங்கு பேரங்காடிகளும் துணிக்கடைகளும் கடைத்தொகுதிகளும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடைகள், உணவகங்கள், அரும்பொருளகங்கள், அவ்வளவுதான்.

இதற்குச் சட்டமே இருக்கிறது. ஞாயிறு ஓய்வுநாளாகப் பாதுகாக்கப்படும் என்று 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்புச் சட்டம் கூறியது. 1949இல் வந்த இன்றைய ஜெர்மன் அடிப்படைச் சட்டமும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடைகளைத் திறக்க பெர்லின் மாநிலம் அனுமதித்தபோது தேவாலயங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2009இல் அந்த ஏற்பாடு அரசமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பு வந்தது.

சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு இது சிறிய மாற்றம் இல்லை. “ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாமா?” என்று கேட்டால், அடுத்த கேள்வி “எந்த மால்?” என்பதுதான். பபிள் டீ, படம், சாப்பாடு என்று நம் நட்பின் பெரும்பகுதி குளிரூட்டிய கூரைக்குக் கீழே, ஏதோ ஒன்றை வாங்கும் சாக்கில் நடக்கிறது. அந்தச் சாக்கு இல்லாத ஊரில், யாரையும் தெரியாத ஒருவர் எங்கே போய் நிற்பது?

ஊரைவிட்டே கிளம்பிவிடுவது பலர் கண்டுபிடிக்கும் விடை. வெள்ளிக்கிழமை மாலை பேருந்திலோ மலிவு விமானத்திலோ ஏறினால் பிராக், வார்சா, கோப்பன்ஹேகன். ஒரே பருவத்தில் பதினான்கு நகரங்களைப் பார்த்தவர்கள் எங்கள் குழுவில் இருந்தார்கள். படங்கள் அருமையாக இருந்தன. ஆனால் எல்லாப் படங்களிலும் அதே ஐந்து சிங்கப்பூர் முகங்கள். பயணத்தைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பிராக் போனேன். இருந்தாலும், பெர்லினில் வாடகை கொடுத்துக்கொண்டு பெர்லினில் ஒருவரையும் அறியாமல் திரும்புவது எனக்கு நட்டக் கணக்காகவே பட்டது.

ஊரிலேயே தங்கினால் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. கோடையில் சிங்கப்பூருக்கும் பெர்லினுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தனிமை கனக்கத் தொடங்கும்போது இங்கே நள்ளிரவு. அம்மா தூங்கியிருப்பார். ஜூன் மாதத்தில் வெளிச்சம் இரவு ஒன்பதரை வரை போகாது. அந்த மூன்றரை மணி நேரம் ரொம்ப நீளமானது.

எனக்குக் கைகொடுத்தது மேசைப்பந்து. பெர்லினில் பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் சிமெண்ட் மேசைகள் இருக்கின்றன. பல மேசைகளில் வலைக்குப் பதில் இரும்புத் தகடுதான். முன்பதிவு கிடையாது, கட்டணமும் கிடையாது. ஆள் நிறைய இருந்தால் ‘ருண்ட்லௌஃப்’ ஆடுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி நிற்க வேண்டும். பந்தை ஒரு முறை அடித்துவிட்டு மறுமுனை வரிசைக்கு ஓட வேண்டும். தவறவிட்டவர் வெளியே. ஆள் குறையக் குறைய ஓட்டம் வேகமாகி, கடைசி இருவர் நேருக்கு நேர் மோதுவார்கள். பிறகு எல்லாரும் திரும்ப உள்ளே வரலாம்.

புதிதாக வந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரியவில்லை. சேர அனுமதி கேட்க வேண்டியதில்லை. மட்டையோடு வரிசையில் நின்றால் போதும். என்னைப்போல் சுமாராக ஆடுபவர்களுக்கு ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. சீக்கிரம் வெளியேறியவர்கள் ஓரமாக நிற்கும் நேரத்தில்தான் பேச்சே தொடங்குகிறது. முதல் வாரம் யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. இரண்டாம் வாரம் ஒருவர் தலையசைத்தார். பிராக் போய்விட்டுத் திரும்பிய வாரம் ஒரு பெண், “போன ஞாயிறு உன்னைக் காணவில்லையே?” என்று கேட்டார். அந்த ஊரில் நான் இல்லாததை ஒருவர் கவனித்தது அதுவே முதல் முறை.

‘உன்னை’ என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் நம்மைப்போல் ‘நீ’, ‘நீங்கள்’ உண்டு: டூ, ஸீ. பாடப்புத்தகம் ‘ஸீ’யை வலியுறுத்தும். பூங்காவில் மாணவர்கள் முதல் நிமிடத்திலிருந்தே ‘டூ’தான். தமிழ் வகுப்பில் மரியாதைப் பன்மை படித்து வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்த நண்பர்கள்தான் திணறினார்கள்.

வீட்டுக்குள்ளும் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் ‘வேகே’ எனப்படும் பகிர்வு வீடுகளில் தங்குகிறார்கள். அங்கே வரவேற்பறையின் வேலையைச் சமையலறையே செய்துவிடும். பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துச் சொன்னால் ராசியில்லை என்பார்கள். கேக் கொண்டுவர வேண்டியவரும் பிறந்தநாள்காரரே. கோப்பைகளைத் தட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பீர் வாங்க அங்கு 16 வயது போதும் என்றாலும், ஆப்பிள் சாற்றில் சோடா கலந்து குடிப்பவரை யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை.

வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடும். நம்மூரில் நள்ளிரவை நெருங்கும்போது எல்லாரும் கைப்பேசியில் கடைசி ரயிலைத் தேடுவார்களே, அந்தப் பதற்றம் அங்கே இல்லை.

இடம் வேண்டுமென்றால் டெம்பெல்ஹோஃப் திடல் இருக்கிறது. 1948, 1949ஆம் ஆண்டுகளில் முற்றுகையிடப்பட்ட மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுவந்த விமானங்கள் இறங்கிய இடங்களில் ஒன்று. 2008இல் விமான நிலையம் மூடப்பட்டு, 2010இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 300 ஹெக்டருக்கும் அதிகமான பரப்பு. நம் பூமலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஓரத்தில் வீடுகள் கட்ட நகர அரசு திட்டமிட்டபோது, 2014இல் பொதுவாக்கெடுப்பில் மக்கள் மறுத்துவிட்டனர். வீட்டு வாடகை ஏறிக்கொண்டிருக்கும் நகரில் அந்த முடிவு சரிதானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஞாயிறு மாலையில் பழைய ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுபவர்களையும் பட்டம் விடுபவர்களையும் பார்த்தபோது, நான் அந்த வாக்காளர்கள் பக்கம் சாய்ந்தேன். காலிப் புட்டிகளைத் தொட்டிக்குள் போடாமல் அருகே வைத்துவிட்டுப் போவார்கள். பிளாஸ்டிக் புட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 25 காசு கிடைக்கும் என்பதால், சேகரித்துப் பிழைப்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

தமிழ் கேட்க ஆசைப்பட்ட ஒரு வாரயிறுதியில் பிரிட்ஸ் பகுதியிலுள்ள ஸ்ரீ மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனேன். இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கோயில். 2013இல் குடமுழுக்குக் கண்டது. தட்டில் சோறு விழுந்த பிறகுதான் “பிள்ளை எந்த ஊர்?” என்ற விசாரணை தொடங்கியது. சிங்கப்பூர் என்றதும் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

அவர் வந்தது 1980களில். அப்போது இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரெட்ரிக்‌ஷ்டிராசே ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். அந்தப் பிரிவுக்கோட்டை நாட்டெல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால், அந்தப் பக்கத்தில் கடப்பிதழ்ச் சோதனை இருக்கவில்லை. பரிமாற்றத் திட்டமும் திரும்பும் டிக்கெட்டும் கையில் வைத்திருந்த நான், மொழி தெரியாத அந்த ஊரில் முதல் ஞாயிறுகளை எப்படிக் கழித்தீர்கள் என்று கேட்டேன். கோயில் இல்லை, தெரிந்த கடை இல்லை, வேலை செய்ய அனுமதியும் இல்லை என்றார். யாராவது ஒருவருடைய அறையில் கூடிச் சமைப்பார்களாம்.

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டேன்.

“எண்ணேல்லை பிள்ளை,” என்றார். “சோறு முடியுமட்டும் ஆக்கள் வந்தவை.”